பம்ப்பை மாற்றுவதற்கு முன் ஒரு வாளித் தண்ணீர்

தென்னாப்பிரிக்காவில், ஜோஹன்னஸ்பர்க் பக்கத்து மிட்ராண்டில் இருக்கும் நண்பர் கேட்டிருப்பதை முதலில் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பழைய மோட்டார்ஹோம் ஒன்றை வாங்கி, ஊரிலிருந்து வந்திருந்த அப்பா அம்மாவை ஏற்றிக்கொண்டு இங்கே குளிர்காலமான ஜூலை விடுமுறையில் கோல்டன் கேட் மலைப் பூங்கா வழியாகக் கடலோர டர்பன் வரை போய் வந்திருக்கிறார். வழியெல்லாம் தண்ணீர்த் தொல்லை. ஷவரைத் திறந்தால் தண்ணீர் காற்றோடு சேர்ந்து விட்டுவிட்டுத் துப்புகிறது. இரவில் எல்லாக் குழாயும் மூடியிருக்கும்போதும் பம்ப் அவ்வப்போது ஓரிரு நொடி உறுமிவிட்டு நிற்கிறது. கோல்டன் கேட்டில் ஒரு விடியற்காலையில் பம்ப் நிற்காமல் ஓடியிருக்கிறது. எழுந்து சுவிட்சை அணைத்துவிட்டுப் பார்த்தால் டேங்கில் பாதி போயிருந்தது, வண்டிக்கு அடியில் ஒரே ஈரம். ஆனால் கேம்ப்பில் இருக்கும் குழாயோடு ஹோஸ் போட்டு இணைத்தால் ஷவர் அருமையாக வருகிறது. பட்டறையில் பம்ப்பையும் டேங்கையும் சேர்த்து மாற்றச் சொல்கிறார்கள். "மாற்றிவிடலாமா?" என்று கேட்கிறார்.

இந்தக் கேள்விக்குள் இன்னொரு கேள்வி இருக்கிறது. மூன்று தொல்லையும் ஒரே கோளாறிலிருந்து வருகின்றனவா, வெவ்வேறா? அது தெரிந்தால் எதை மாற்ற வேண்டும், எதைத் தொடவே கூடாது என்பது தானாகத் தெரிந்துவிடும். நான் டர்பனில் பம்ப், குழாய் வேலை செய்கிறவன். படகுகளில் தொடங்கி, அப்புறம் காரவான், மோட்டார்ஹோம் என்று இந்த 12 வோல்ட் பம்ப்புகளோடுதான் என் பிழைப்பு ஓடுகிறது. கழற்றிப் போட்ட பம்ப் ஒன்றை என்னிடம் கொண்டுவந்தால் முதலில் மேசையில் வைத்து ஓட்டிப் பார்ப்பேன். பெரும்பாலும் நன்றாகவே ஓடும். கோளாறு வண்டியிலேயே இருந்திருக்கும். புது பம்ப் போட்ட பிறகும் அங்கேயேதான் இருக்கும். அதனால்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன். வண்டியை நான் நேரில் பார்க்கவில்லை. ஆகவே உறுதியாகச் சொல்லக்கூடியதையும் ஊகத்தையும் பிரித்தே சொல்கிறேன்.

உறுதியானது முதலில். கேம்ப் குழாயில் இணைத்தால் ஷவர் ஒழுங்காக வருகிறது என்ற ஒரு வரி பாதி வேலையை முடித்துவிட்டது. வெளியிலிருந்து வரும் தண்ணீர் டேங்கையும் பம்ப்பையும் தொடாமல், பம்ப்புக்குப் பிறகு உள்ள குழாய்களில் நேராக நுழைகிறது. அந்த வழியில் நன்றாக வருகிறது என்றால் ஷவர் தலை, குழாய்கள், தண்ணீர் சுடவைக்கும் ஹீட்டர் எதிலும் அடைப்பு இல்லை. ஆகவே துப்பித் துப்பி வருவதற்கான காரணம் டேங்கிலிருந்து பம்ப் முடிய உள்ள அந்தச் சின்னத் தூரத்துக்குள்தான் இருக்கிறது. இதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

ஆனால் அந்த வரியை வைத்துக்கொண்டு "பம்ப்புக்குப் பிறகு கசிவே இல்லை" என்று முடிவு கட்டிவிடாதீர்கள். கேம்ப் குழாய் இணைந்திருக்கும்போது பம்ப் ஓட வேண்டியதில்லை. எங்காவது ஒரு மூட்டு மெல்லச் சொட்டிக்கொண்டிருந்தாலும் ஊர்த் தண்ணீர் அதை ஈடுகட்டிவிடும். சத்தமும் வராது, உங்களுக்கும் தெரியாது.

இந்த அமைப்பு எப்படி வேலை செய்கிறது என்பதைக் கொஞ்சம் விளக்கினால்தான் மேலே சொல்வது புரியும். டேங்கின் அடியிலிருந்து ஒரு ஹோஸ், அதன் முனையில் கண்ணாடி போன்ற மூடி உள்ள சின்ன வடிகட்டி, அதற்கு அடுத்து பம்ப். பம்ப்புக்குள் ரப்பர் சவ்வும் சில ரப்பர் வால்வுகளும் இருக்கின்றன. குழாயைத் திறந்தால் அழுத்தம் குறையும், பம்ப்பில் உள்ள பிரஷர் சுவிட்ச் அதை உணர்ந்து மோட்டாரை ஓட்டும். மூடினால் அழுத்தம் ஏறும், குறித்த அளவு வந்ததும் நின்றுவிடும். பல பம்ப்புகளில் அந்த அளவு 2.8 பார், உங்களுடையது எவ்வளவு என்று பம்ப்பில் ஒட்டியிருக்கும் சீட்டில் இருக்கும். பம்ப்புக்கு முன்னால் உள்ளது உறிஞ்சும் பக்கம், பின்னால் உள்ளது தள்ளும் பக்கம். தள்ளும் பக்கத்தில் ஓட்டை இருந்தால் தண்ணீர் வெளியே வரும். ஈரம் காட்டிக் கொடுத்துவிடும். உறிஞ்சும் பக்கத்தில் ஓட்டை இருந்தால் பம்ப் ஓடும்போது ஒரு சொட்டும் வெளியே வராது. காற்று உள்ளே போகும், அவ்வளவுதான். தொட்டுப் பார்த்தால் எல்லாம் உலர்ந்திருக்கும், ஷவர் மட்டும் துப்பும். பட்டறைகள் பம்ப்பின் மேல் பழி போடுவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான். ஈரமில்லை, கசிவில்லை, ஆகவே பம்ப்தான் போய்விட்டது என்கிறார்கள்.

வாளியை எடுப்பதற்கு முன்னால் இன்னும் எளிதான ஒன்றைச் செய்யுங்கள். வண்டியைச் சமதரையில் நிறுத்தி டேங்கை முழுக்க நிரப்பி ஷவரைத் திறந்து பாருங்கள். துப்புவது நின்றுவிட்டால், டேங்கில் தண்ணீர் உறிஞ்சும் வாய் ஒரு ஓரத்தில் இருக்கிறது, கேம்ப் இடம் சரிவாக இருந்ததால் பாதி டேங்கிலேயே அது காற்றைக் குடித்திருக்கிறது என்று அர்த்தம். மலைப்பக்கத்துக் கேம்ப்களில் இது சகஜம். செலவில்லாத தீர்வு, சக்கரத்துக்கு அடியில் கட்டை வைத்து வண்டியை மட்டப்படுத்துவதுதான்.

அதில் மாற்றம் இல்லையென்றால் வாளிச் சோதனை. பம்ப் சுவிட்சை அணைத்து, ஒரு குழாயைத் திறந்து அழுத்தத்தை இறக்கிவிடுங்கள். டேங்க் பம்ப்பைவிட உயரத்தில் இருந்தால் டேங்கின் வால்வை மூடுங்கள். வால்வே இல்லாத வண்டி என்றால் டேங்கைக் காலி செய்துவிட்டுத் தொடங்குங்கள், இல்லாவிட்டால் தண்ணீர் முழுக்கத் தரையில்தான். வடிகட்டிக்கு வரும் ஹோஸைக் கழற்றி, அந்த இடத்தில் ஒரு மீட்டர் நீளத்துக்கு உள்ளே தெரியக்கூடிய பிளாஸ்டிக் ஹோஸை மாட்டி நன்றாக இறுக்குங்கள். மறுமுனை சுத்தமான தண்ணீர் உள்ள வாளிக்குள். பம்ப்பைப் போடுங்கள், ஒரு குழாயைத் திறந்துவையுங்கள். ஹோஸில் இருக்கும் காற்று வெளியேற அரை நிமிடம் கொடுத்துவிட்டுப் பாருங்கள்.

தண்ணீர் ஒரே சீராக வந்தால் பம்ப் நல்ல பம்ப், வடிகட்டியும் நல்ல வடிகட்டி. குற்றம் டேங்குக்கும் வடிகட்டிக்கும் நடுவில். பழைய ஹோஸ் கிளிப்புக்கு அடியில் விறைத்து வெடித்திருக்கலாம், கிளிப் தளர்ந்திருக்கலாம். இங்கே கரூ என்ற வறண்ட நிலப்பகுதியில் அலையலையாகப் போன மண்சாலைகளில் ஓடிய வண்டிகளில் கிளிப் தளர்வதை நிறையப் பார்க்கிறேன். வாளியிலிருந்து எடுக்கும்போதும் துப்பினால் அடுத்த படி: வடிகட்டியை விலக்கி, ஹோஸை நேரே பம்ப்பில் மாட்டுங்கள். இப்போது சரியாக வந்தால் வடிகட்டி. அப்போதும் துப்பினால்தான் பம்ப். இந்த வரிசையை மாற்றாதீர்கள்; ஒவ்வொரு படியிலும் ஒரு பொருள்மேல் உள்ள சந்தேகம் தீர்ந்துகொண்டே வரும்.

வாளி இருக்கும்போதே இரண்டாவது தொல்லைக்கும் பதில் கிடைத்துவிடும். குழாயை மூடி, பம்ப் தானாக நின்றதும், ஹோஸின் முனையை வாளித் தண்ணீருக்கு வெளியே தூக்கிப் பிடித்துப் பாருங்கள். முதலில் சிந்தும் கொஞ்சத்தை விட்டுவிடுங்கள். அதன் பிறகும் முனையிலிருந்து தண்ணீர் தொடர்ந்து சொட்டினால், பம்ப் தள்ளிய தண்ணீர் பம்ப் வழியாகவே திரும்பி வருகிறது. உள்ளே இருக்கும் ரப்பர் வால்வு சரியாக மூடவில்லை. அழுத்தம் மெல்ல இறங்கும், சுவிட்ச் உணரும், பம்ப் ஓரிரு நொடி ஓடி ஏற்றும், மறுபடி இறங்கும். இரவில் நீங்கள் கேட்ட உறுமல் அதுவாக இருக்கலாம். இதற்கு இன்னொரு சாட்சியும் உண்டு. கேம்ப் குழாயோடு இணைத்திருந்தபோது டேங்க் தானாக நிரம்பி, அதற்குக் காற்று போய்வரும் மூச்சுக் குழாய் வழியாக வழிந்ததா? வழிந்திருந்தால் அதே வால்வுதான். ஊர்த் தண்ணீர் பம்ப்பைத் தாண்டி டேங்குக்குள் பின்னால் போயிருக்கிறது. இதை நீங்கள் எழுதவில்லை, யோசித்துப் பாருங்கள்.

இனி என் ஊகம். துப்புவதும் இரவில் உறுமுவதும் ஒரே இடத்திலிருந்து வருகின்றன என்று சந்தேகப்படுகிறேன். அது அந்தச் சின்ன வடிகட்டி. அதன் மூடிக்குள் ஒரு மெல்லிய ரப்பர் ஓ-ரிங் இருக்கிறது. பழைய வண்டியில் அது காய்ந்து தட்டையாகிவிடும். மூடியைக் கழற்றி அதை விரலில் எடுத்துப் பாருங்கள்: உருண்டையாக, அழுத்தினால் மீண்டு வருவதாக இருக்க வேண்டும். ஒரு பக்கம் சப்பையாகி, வளைத்தால் நுண்ணிய வெடிப்புகள் தெரிந்தால் காற்று அந்த வழியாகத்தான் போகிறது. மூடியை முந்தையவர் சரியாகப் பூட்டாமல் விட்டிருந்தாலும் இதே கதைதான். உள்ளே இருக்கும் வலையையும் வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். சுருள்சுருளாக வெள்ளை பிளாஸ்டிக் சீவல் இருந்தால் ஆச்சரியப்படாதீர்கள்; டேங்கில் துளை போட்டபோது விழுந்த சீவல் பல ஆண்டுகள் டேங்குக்குள்ளேயே சுற்றிக்கொண்டிருந்து ஒருநாள் வந்து சேரும். வலை கிழிந்தோ சரியாக உட்காராமலோ இருந்தால், அந்தச் சீவலில் ஒரு துணுக்கு பம்ப்புக்குள் போய் ரப்பர் வால்வின் விளிம்பில் மாட்டிக்கொள்ளும். வால்வு முழுதாக மூடாது. ஆக மூடி வழியாகக் காற்று, வலை வழியாகத் துணுக்கு என்று ஒரே வடிகட்டி இரண்டு தொல்லைகளையும் தந்திருக்க முடியும். பம்ப்பின் தலையில் உள்ள திருகாணிகளைக் கழற்றினால் வால்வுகள் தெரியும். துடைத்து, துணுக்கை எடுத்து, பழையபடி பூட்டினால் பல சமயம் பம்ப் பிழைத்துக்கொள்ளும். கழற்றும்போது ஒவ்வொரு அடுக்கையும் போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். எது எந்தப் பக்கம் பார்த்து உட்கார்ந்திருந்தது என்பது மாறினால் பம்ப் தண்ணீரே எடுக்காது.

உயரமும் கொஞ்சம் சேர்ந்திருக்கலாம். ஜோஹன்னஸ்பர்க்கே கடல்மட்டத்திலிருந்து 1,700 மீட்டருக்கு மேல். கோல்டன் கேட் அதைவிட உயரம். அங்கே காற்றழுத்தம் குறைவு, பம்ப்பின் உறிஞ்சும் வலுவும் அதற்கேற்பக் குறையும். டர்பன் கடற்கரையில் சமாளித்துவிடும் ஒரு சின்னக் காற்றுக் கசிவு மலையில் தன்னைக் காட்டிக்கொள்ளும். டர்பனுக்கு இறங்கிய பிறகு துப்புவது கொஞ்சம் குறைந்ததா என்று நினைவுபடுத்திப் பாருங்கள். உயரம் கோளாறை உண்டாக்காது, இருக்கும் கோளாறைப் பெரிதாக்கும். ஆகவே இதை ஒரு தடயமாக மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்.

ஹோஸ் முனையில் சொட்டவே இல்லை, ஆனாலும் இரவில் பம்ப் உறுமுகிறது என்றால் தள்ளும் பக்கத்தில் எங்கோ கசிகிறது. பம்ப்பை ஓடவிட்டு, நின்றதும் ஒவ்வொரு மூட்டிலும் டிஷ்யூ காகிதத்தைச் சுற்றி வையுங்கள். கண்ணுக்குத் தெரியாத ஈரத்தையும் காகிதம் காட்டிவிடும். மறக்காமல் பார்க்க வேண்டிய இடங்கள்: கழிப்பறைக்குத் தண்ணீர் விடும் வால்வு, வெளி ஷவர் இருந்தால் அதன் பெட்டி, ஹீட்டரின் வடிகால் வால்வு. இதில் கழிப்பறை வால்வைத்தான் எல்லோரும் விட்டுவிடுவார்கள். கசிவு கிண்ணத்துக்குள்ளேயே போய்விடுவதால் வெளியே ஈரம் தெரியாது.

மூன்றாவது தொல்லைக்கு வருகிறேன். பட்டறை டேங்கை மாற்றச் சொன்னது இதை வைத்துத்தான். டேங்கில் விரிசல் இருந்தால் பம்ப் ஓடினாலும் ஓடாவிட்டாலும் பகலும் இரவும் தண்ணீர் போய்க்கொண்டே இருக்க வேண்டும். உங்களுக்குப் போனது ஒரே ஒரு விடியற்காலையில், அதுவும் பம்ப் ஓடிக்கொண்டிருந்தபோது. ஜூலை மாதம், கோல்டன் கேட், விடியற்காலை. இந்த மூன்றையும் சேர்த்துப் பார்த்தால் என் மனம் நேரே ஹீட்டருக்குத்தான் போகிறது. உங்கள் வண்டியில் ட்ரூமா கம்பெனியின் ஹீட்டர் இருக்கிறது என்று எழுதியிருக்கிறீர்கள். அதோடு வரும் வடிகால் வால்வு உறைபனியிலிருந்து ஹீட்டரைக் காப்பதற்கானது. வால்வு இருக்கும் இடத்தில் வெப்பம் ஏறத்தாழ 3 டிகிரிக்குக் கீழே போனால் அது தானாகத் திறந்து, ஹீட்டரில் உள்ள தண்ணீரை வண்டிக்கு அடியில் விட்டுவிடும். உள்ளே தண்ணீர் உறைந்து ஹீட்டர் வெடிக்காமல் இருக்கவே இந்த ஏற்பாடு. பம்ப் சுவிட்ச் போட்டபடியே இருந்தால், அழுத்தம் இறங்கியதை உணர்ந்த பம்ப் டேங்கில் உள்ளதையும் அதே வழியாகத் தள்ளிக்கொண்டே இருக்கும். நீங்கள் கேட்ட நிற்காத ஓட்டம் அதுவாக இருக்க எல்லா வாய்ப்பும் உண்டு. வால்வு பழுதாகவில்லை, தன் வேலையைச் செய்திருக்கிறது.

சரிபார்ப்பது எளிது. அன்று காலை அந்த வால்வின் பொத்தான் வெளியே துருத்திக்கொண்டிருந்ததா, அல்லது பகலில் யாராவது அதை அழுத்தி மூடினீர்களா? ஹீட்டரை ஒட்டி, பெரும்பாலும் கட்டிலுக்கு அடியிலோ அலமாரிக்குள்ளோ இருக்கும். ஒன்றை நினைவில் வையுங்கள்: வால்வைச் சுற்றி வெப்பம் ஏறத்தாழ 7 டிகிரிக்கு மேல் வந்தால்தான் அது மூடி நிற்கும். குளிரில் எவ்வளவு அழுத்தினாலும் திரும்பத் திறந்துகொள்ளும். பலர் அதை உடைந்த வால்வு என்று நினைத்துப் புதிது வாங்கிவிடுகிறார்கள். முதலில் வண்டிக்குள் வெப்பமூட்டி, அந்த அலமாரிக் கதவைத் திறந்துவைத்துவிட்டு, அப்புறம் அழுத்துங்கள். துணி மாட்டும் கிளிப்பைப் போட்டு பொத்தானைக் கட்டிவைக்கும் வழக்கம் ஒன்று இருக்கிறது. தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். உறைந்து வெடித்த ஹீட்டரின் விலைக்கு முன்னால் ஒரு டேங்க் தண்ணீர் ஒன்றுமே இல்லை. குளிர்காலத்தில் டிராக்கன்ஸ்பர்க், கிளாரன்ஸ், சதர்லாந்து பக்கம் போனால் படுக்கப் போகும்போது பம்ப் சுவிட்சை அணைத்துவிட்டுப் படுங்கள். அப்பா அம்மாவுக்கு இரவில் தேவைப்படும் தண்ணீரை ஒரு குடத்தில் எடுத்துவைத்துவிட்டால் போதும்.

டேங்க் நல்லதுதானா என்பதை உறுதி செய்ய ஒரு இரவு போதும். வீட்டு வாசலில் நிரப்பி, மட்டத்தைக் குறித்து, பம்ப்பை அணைத்துவிட்டுக் காலையில் பாருங்கள். மட்டம் அப்படியே இருந்தால் டேங்கை மாற்றச் சொல்கிறவர்களிடம் அதைச் சொல்லுங்கள்.

டேங்கில் இன்னொன்று பார்க்க வேண்டும்: மூச்சுக் குழாய். தண்ணீர் வெளியேறும்போது அந்த இடத்துக்குக் காற்று வர வேண்டும். குவாசுலு-நேட்டால் பக்கம் சும்மா நிறுத்திவைத்த வண்டிகளில் குளவிகள் இந்தக் குழாய்க்குள் மண்கூடு கட்டிவிடுகின்றன. அப்புறம் ஷவர் முதலில் நன்றாக வந்து, போகப்போக இளைத்துக்கொண்டே போகும். டேங்க் மூடியைத் திறந்ததும் உஸ்ஸென்று காற்று உள்ளே இழுக்கும். தண்ணீர் மறுபடி வரும். உங்கள் அறிகுறி இதுவல்ல. ஆனாலும் ஒருமுறை மூடியைத் திறந்துவைத்து ஷவரை ஓட்டிப் பார்த்துவிடுங்கள், ஒரு நிமிட வேலை.

மின்சாரத்தைப் பற்றி உங்களுக்கு நான் அதிகம் சொல்லப்போவதில்லை. பம்ப் ஓடுகிறது, நிற்கிறது, அது போதும். இதைப் படிக்கும் மற்றவர்களுக்காக ஓரிரு வரி. பம்ப் ஓடவே இல்லையென்றால் ஃப்யூஸ், பிறகு பம்ப்பின் முனைகளில் மல்டிமீட்டர். ஓய்வில் 12.6 வோல்ட் இருந்தால் பேட்டரி நிறைந்திருக்கிறது, 12.2 என்றால் ஏறத்தாழ பாதி. பம்ப் ஓடும்போது பேட்டரியில் ஒரு அளவும் பம்ப்பில் அரை வோல்ட்டுக்கு மேல் குறைவாகவும் காட்டினால் நடுவில் எங்கோ இணைப்பு கெட்டிருக்கிறது. தெற்குக் கரையில் ஜூன், ஜூலையில் மத்தி மீன் வரும் நாட்களில் கடலோரம் வாரக்கணக்கில் நிற்கும் வண்டிகளில் உப்புக் காற்று பட்டு முனைகள் பச்சையாகிப்போயிருக்கும். சுரண்டிச் சுத்தம் செய்தாலே பம்ப் பழைய வேகத்துக்கு வந்துவிடும். ஒரு குழாயைத் திறந்தால் பம்ப் ஓடுகிறது, இன்னொன்றைத் திறந்தால் ஓடவில்லை என்றால் அது வேறு வகை வண்டி: டேங்குக்குள் மூழ்கியிருக்கும் பம்ப், ஒவ்வொரு குழாய்க்குள்ளும் ஒரு சின்ன சுவிட்ச். அங்கே குற்றவாளி அந்தக் குழாயின் சுவிட்ச்.

கேம்ப் குழாயில் இணைப்பது பற்றி ஒரு எச்சரிக்கை, ஏனென்றால் நீங்கள் அதை நம்பித்தான் பயணத்தை ஓட்டியிருக்கிறீர்கள். இந்நாட்டு வீடுகளில் கீசருக்குப் பெரும்பாலும் 400 கிலோபாஸ்கல் அளவுக்கு, அதாவது 4 பாருக்கு, அழுத்தத்தைக் கட்டுப்படுத்தும் வால்வு வைக்கிறார்கள். தெருக் குழாயில் அதைவிட அதிகமாக வருவதால்தான். கேம்ப் குழாயில் அந்த வால்வு இருக்கும் என்று நம்ப முடியாது. மோட்டார்ஹோமின் மெல்லிய குழாய்களும் தள்ளிப் பொருத்தும் மூட்டுகளும் பம்ப்பின் 2.8 பாரை நினைத்துப் போட்டவை. கேம்ப் குழாய்க்கும் ஹோஸுக்கும் நடுவில் அழுத்தம் குறைக்கும் வால்வு ஒன்று கட்டாயம் வேண்டும். வண்டியை விட்டு வெளியே போகும்போது வெளிக் குழாயை மூடிவிட்டுப் போங்கள். பம்ப்பில் கசிந்தால் டேங்க் அளவு தண்ணீர்தான் உள்ளே கொட்டும். ஊர்க் குழாயில் கசிந்தால் அதற்கு அளவே இல்லை.

வடிகட்டிக்குள் அழுக்கு எங்கிருந்து வருகிறது என்பதையும் சொல்லாமல் விட முடியாது. 2022 ஏப்ரல் வெள்ளத்தில் டர்பனுக்கு வடக்கே உள்ள டோங்காட் நீர்ச் சுத்திகரிப்பு நிலையம் சேதமடைந்து, அங்குள்ள நம் மக்கள் மாதக்கணக்கில் டேங்கர் லாரியை நம்பி இருந்தார்கள். தண்ணீர் நின்று திரும்ப வரும் ஒவ்வொரு முறையும் குழாயில் படிந்த துருவும் மண்ணும் முதல் சில நிமிடங்களில் வந்துவிடும். ஜோஹன்னஸ்பர்க்கிலும் இப்போது தண்ணீர் நிற்பது புதிதல்ல. ஆகவே எங்கே நிரப்பினாலும் முதலில் ஒரு வெள்ளை வாளியில் பிடித்துப் பாருங்கள். தெளிந்த பிறகு ஹோஸை டேங்கில் போடுங்கள். சிட்சிகாமா காட்டுப் பக்கம் போனால் தண்ணீர் தேநீர் நிறத்தில் இருக்கும்; அது காட்டுச் செடிகளிலிருந்து இறங்கும் சாயம், துரு அல்ல. அதைக் கண்டு பயப்பட வேண்டாம்.

டேங்கையும் ஹோஸையும் கழற்றி வேலை பார்த்த பிறகு ஒருமுறை கிருமி நீக்கம் செய்துவிடுங்கள், வயதானவர்கள் பயணம் செய்யும் வண்டி. குப்பியில் 3.5 சதவீதம் என்று போட்டிருக்கும், வாசனை சேர்க்காத ப்ளீச்சில் 100 லிட்டர் டேங்குக்கு சுமார் 150 மில்லி. நிறைந்த வாளி ஒன்றில் கலக்கி டேங்கில் ஊற்றி, மீதியை நல்ல தண்ணீரால் நிரப்புங்கள். ஒவ்வொரு குழாயிலும் ப்ளீச் வாசம் வரும்வரை ஓட்டி, 4 மணி நேரம் விட்டு, முழுக்க வடித்து, வாசம் போகும்வரை நல்ல தண்ணீரால் அலசுங்கள். 4 மணி நேரம் போதும். நாள்கணக்கில் விட்டால் ஹீட்டரின் உலோகத்துக்கு நல்லதல்ல. வேறு ஏதாவது துப்புரவு மருந்தோடு ப்ளீச்சைக் கலக்கவே கூடாது.

ஆக உங்களுக்கு நான் சொல்லும் வரிசை இதுதான். இந்த வார இறுதியில் சமதரையில் முழு டேங்க், அப்புறம் வாளி, அப்புறம் வடிகட்டியின் ஓ-ரிங்கும் வலையும், இரவில் டேங்க் மட்டம். பட்டறைக்குப் போவது அதற்குப் பிறகு. டேங்கை மாற்ற வேண்டியிருக்காது என்பதில் எனக்கு ஏறக்குறைய உறுதி. பம்ப் விஷயத்தில் அவ்வளவு உறுதியாகச் சொல்ல மாட்டேன். சவ்வு கிழிந்திருந்தாலோ, வால்வைத் துடைத்த பிறகும் ஹோஸ் முனையில் சொட்டினாலோ மாற்றத்தான் வேண்டும். சில பம்ப்புகளுக்குத் தலைப்பகுதி மட்டும் தனியாகக் கிடைக்கும், முதலில் அதைக் கேளுங்கள். முழுதாக வாங்குவதென்றால் பழையதன் சீட்டைப் படம் எடுத்துக்கொண்டு போய் அதே வோல்ட், அதே அழுத்தம், நிமிடத்துக்கு அதே லிட்டர் பார்த்து வாங்குங்கள். "இது இன்னும் வேகமாகத் தள்ளும்" என்று கடைக்காரர் காட்டும் அதிக அழுத்த பம்ப் வேண்டாம். உங்கள் மூட்டுகளும் ஹீட்டரின் வால்வும் அதைத் தாங்காது, ட்ரூமாவின் அந்த வால்வு 3.5 பார் அளவில் தானாகவே தண்ணீரை வெளியே விடத் தொடங்கிவிடும். புதியதைப் பொருத்தும்போது வடிகட்டியையும் புதிதாகப் போட்டு, பம்ப்பின் இரண்டு பக்கமும் கொஞ்ச தூரத்துக்கு வளையும் ஹோஸையே வையுங்கள். விறைப்பான குழாயை நேராக மாட்டினால் பம்ப்பின் அதிர்வு முழுவதும் மூட்டுகளில் இறங்கும். வாளிச் சோதனையில் என்ன தெரிந்தது என்பதையும், ஹோஸ் முனையில் சொட்டியதா என்பதையும் இங்கேயே எழுதுங்கள். அது தெரிந்தால் அடுத்து எதைக் கழற்றுவது என்று பார்க்கலாம்.